பழைய கத்தி, புதிய நட்பு

கத்தி வெட்டும். கத்தி இரண்டாகப் பிரிக்கும். இது நமக்குத் தெரியும். ஆனால் கத்தி மனிதர்களைச் சேர்த்தும் வைக்கும். முன்பின் தெரியாதவர்களைப் பேச வைக்கும். அது எப்படி? இந்தப் பாடத்தில் படிப்போம்.

ஒரே சொல்

நாம் கொண்டாப்பூரில் வாழ்கிறோம். இது ஐதராபாத் நகரின் மேற்குப் பகுதி. இங்கே வேலை தேடிப் பல ஊர்க்காரர்கள் வந்திருக்கிறோம். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதில்லை. அதனால் பேசத் தயங்குகிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் கத்தி என்கிறோம். தெலுங்கிலும் அது கத்திதான். கன்னடத்திலும் மலையாளத்திலும் கத்திதான். பேச்சைத் தொடங்க ஒரு சொல் போதும் அல்லவா?

ஒரு மனிதர் சேர்த்தது

ஐதராபாத்தில் மூன்றாம் சாலார் ஜங் என்பவர் இருந்தார். அவர் பெயர் மீர் யூசுப் அலிகான். அவர் 1889இல் பிறந்தார். 1912 முதல் 1914 வரை நிஜாமிடம் திவானாக இருந்தார். திவான் என்றால் முதல் அமைச்சர்.

பதவியை விட்ட பிறகு அவர் பழைய பொருள்களைச் சேர்த்தார். ஓவியம், கடிகாரம், புத்தகம், வாள், கத்தி எல்லாம் சேர்த்தார். பழம்பொருள் வியாபாரிகள் அவர் வீட்டைத் தேடி வந்தார்கள். பல நாட்டுப் பொருள்கள் அங்கே வந்து சேர்ந்தன.

அவர் திருமணம் செய்து கொள்ளவில்லை. 1949இல் காலமானார். அவர் சேர்த்தவை வீணாகவில்லை. 1951 டிசம்பர் 16 அன்று அவருடைய மாளிகையிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிரதமர் நேரு திறந்து வைத்தார். 1968இல் அது இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. மூசி ஆற்றின் தென்கரையில் அந்தக் கட்டடம் இருக்கிறது.

முகலாய மன்னர் ஜஹாங்கீர் 1605 முதல் 1627 வரை ஆண்டார். அவருடைய வேட்டைக் கத்தி என்று ஒரு கத்தியை அங்கே வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி நூர்ஜஹானின் பழம் நறுக்கும் கத்தியும் அங்கே இருக்கிறது.

மன்னர் இடுப்பில் இருந்த கத்தியை அன்று யார் அருகில் போய்ப் பார்க்க முடியும்? இன்று நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும் பார்க்கலாம். நீங்களும் பார்க்கலாம். பக்கத்தில் உள்ள பெயர்ப் பலகையைப் படிக்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஏன் பேச்சு பிறக்கிறது?

ஒரு பழைய கத்தியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இரும்பைப் பற்றிக் கொல்லருக்குத் தெரியும். பிடியின் மரம் தச்சருக்குத் தெரியும். உறையின் தோல் செருப்புத் தைப்பவருக்குத் தெரியும். அதில் உள்ள எழுத்து படித்தவருக்குத் தெரியும். ஆகவே, கத்தி சேகரிப்பவர் பிறரைக் கேட்டே ஆக வேண்டும்.

ஐதராபாத்தில் வியாழக்கிழமைதோறும் ஜுமேராத் பஜார் கூடும். அது பழைய பொருள் சந்தை. அங்கே ஒரு பழைய கத்தி இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். இருவர் அதைப் பார்க்கிறார்கள்.

“அய்யா, இந்தப் பிடி என்ன மரம்?”

“ஈட்டி மரம், தம்பி. நான் தச்சு வேலை செய்கிறவன். தொட்டாலே தெரியும். ஆனால் இரும்பு எப்படி என்று தெரியவில்லை.”

“அது எனக்குத் தெரியும், அய்யா. என் அப்பா கொல்லர். வாய்ப்பக்கம் மட்டும் உருக்கு வைத்து அடித்திருக்கிறார்கள்.”

“இதோ, ஏதோ எழுத்து இருக்கிறதே!”

“ஆங்கில எழுத்து. செய்தவர் பெயராக இருக்கும். அந்த அக்காவைக் கேட்போம், வாருங்கள்.”

பார்த்தீர்களா? இருவர் மூவர் ஆகிவிட்டார்கள். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரிந்திருக்கிறது. இதில் பெரியவர், சிறியவர் என்று யாரும் இல்லை.

கத்திக்காக வந்த பாரசீகர்

இது புதிய செய்தி அல்ல. தெலங்கானாவில் நிஜாமாபாத் பக்கம் கோனசமுத்திரம் என்ற ஊர் உள்ளது. அங்கே ஒரு காலத்தில் உயர்ந்த உருக்கு செய்தார்கள். இரும்பை மண் குகையில் வைத்து மூடுவார்கள். கரி உலையில் நெடுநேரம் காய்ச்சுவார்கள். மெல்ல ஆற விடுவார்கள். அந்த உருக்கில் செய்த வாளும் கத்தியும் எளிதில் மழுங்காது.

1820ஆம் ஆண்டு வாக்கில் வாய்சி என்ற ஆய்வாளர் அந்த ஊருக்குப் போனார். அங்கே பாரசீக நாட்டு வியாபாரி ஒருவரைக் கண்டார். அவர் இஸ்பஹான் நகரிலிருந்து உருக்கு வாங்க வந்தவர். எவ்வளவு தூரம்! கொல்லரின் மொழி வேறு, வியாபாரியின் மொழி வேறு. உருக்கு அவர்களைச் சேர்த்தது.

அந்த உருக்குக்கு இரண்டு ஊர் இரும்பைக் கலந்தார்கள். அதில் ஓர் ஊரின் பெயர் கொண்டாப்பூர்! அது நம் கொண்டாப்பூர் அல்ல. அதே பெயருள்ள வேறு ஊர்.

தமிழ்நாட்டிலும் இந்தத் தொழில் இருந்தது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் உள்ளது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இரும்பு உருக்கியதற்குச் சான்று கிடைத்துள்ளது.

படகு சுரண்டிய கத்தி

இன்னொரு கதை அமெரிக்காவில் நடந்தது. ஆண்டு 1937. வாலூன் ஏரிக் கரையில் ஒருவர் படகின் பழைய பெயிண்டைக் கத்தியால் சுரண்டினார். ரான்டல் என்பவர் அதைப் பார்த்தார். அத்தனை முரட்டு வேலைக்கும் கத்தி கெடவில்லை. ரான்டல் வியந்தார். அந்தக் கத்தியை வாங்கினார். அதைச் செய்தவர் ஸ்கேகல் என்று அறிந்தார். பிறகு ரான்டலும் வேட்டைக் கத்தி செய்யக் கற்றுக் கொண்டார். இன்று இருவர் கத்திகளையும் பலர் தேடித் தேடிச் சேகரிக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1. வேட்டைக் கத்தியைச் சேர்க்கலாம். வேட்டைக்குப் போகக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. தந்தப் பிடி போட்ட கத்தியை வாங்கவோ விற்கவோ கூடாது.

2. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கத்தி தொல்பொருள் ஆகலாம். அரசு அனுமதி இன்றித் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இதற்கும் 1972இல் சட்டம் வந்தது.

3. 9 அங்குலத்துக்கு மேல் நீளமான கத்தி ஆயுதச் சட்டத்தில் வரும். 2 அங்குலத்துக்கு மேல் அகலமானதும் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்திக்கு இது பொருந்தாது. எந்தக் கத்தியையும் காட்டிப் பயமுறுத்துவது குற்றம். சந்தேகம் இருந்தால் வாங்கும் முன் காவல் நிலையத்தில் கேளுங்கள்.

எடைக்குப் போடாதீர்கள்

ஊரில் உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கத்தி இருக்கலாம். துருப் பிடித்திருக்கலாம். பழைய இரும்புக் கடையில் அதற்கு எடைக்குத்தான் காசு. கடைக்குப் போனால் அதை உருக்கி விடுவார்கள். அதோடு அதன் கதையும் போய்விடும்.

போடும் முன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இதைச் செய்தவர் யார்? எந்த ஊர்ப் பட்டறை? எதற்குப் பயன்பட்டது? அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதுங்கள். தாளைக் கத்தியோடு கட்டி வையுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். அந்தத் தாள் இருந்தால், நாளை அதை எடுத்துப் பார்ப்பவர் உங்களைத் தேடி வந்து பேசுவார்.

சொல் அறிவோம்

உருக்கு – உறுதியான இரும்பு
குகை – உலோகம் உருக்கும் மண் பாத்திரம்
உறை – கத்தியைச் செருகி வைக்கும் கூடு

பதில் எழுதுவோம்

1. சாலார் ஜங் அருங்காட்சியகம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது?
2. பாரசீக வியாபாரி கோனசமுத்திரத்துக்கு ஏன் வந்தார்?
3. தெலுங்கிலும் தமிழிலும் ஒன்றாக உள்ள வேறு சொற்கள் எவை? பக்கத்து வீட்டாரைக் கேட்டு ஐந்து சொற்கள் எழுதுங்கள்.