சக்கரத்தின்மேல் ஓர் இல்லம்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை. இவற்றுள் உறையுள் என்பது நிலத்தில் ஊன்றி நிற்பது என்றே நாம் எண்ணுகிறோம். ஆயின், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் சக்கரங்களின்மேல் அமைந்த வீடுகளில் ஆண்டு முழுதும் வாழும் குடும்பங்கள் உண்டு. சமையலிடம், படுக்கை, குளியலறை ஆகிய யாவும் ஒரு பேருந்தின் அளவுக்குள் அடங்கியிருக்கும். அதனை ஊர்தி இல்லம் எனலாம். வீட்டு வாடகை மிகுதியால் சிலரும், தொழில் காரணமாகச் சிலரும், பல ஊர் காணும் விருப்பத்தால் சிலரும் இவ்வாழ்வை மேற்கொள்கின்றனர்.

குளிர்காலம் நெருங்கியதும் இவர்களுள் பலர், வலசை போகும் பறவைகளைப் போலத் தெற்கே அரிசோனா, டெக்சஸ், புளோரிடா முதலிய மாநிலங்களை நோக்கிச் செல்வர். ஆயினும், வேலையையும் பிள்ளைகளின் பள்ளிப்படிப்பையும் விட்டு நீங்க இயலாதோர் வடபுலத்திலேயே தங்குவர். மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் நள்ளிரவுக் குளிர் உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியசையும் கடந்து செல்வதுண்டு. ஊர்தி இல்லங்களோ பெரும்பாலும் கோடை உலாவிற்கெனச் செய்யப்பட்டவை. மெல்லிய சுவர்களை உடையவை. ஆதலின், பனி விழுமுன்னரே அவற்றைச் செப்பனிடல் வேண்டும். அங்ஙனம் செய்வோர் நீர், வெப்பம், காற்று என்னும் மூன்றையும் கருத்தில் கொள்வர்.

முதலாவது நீர். அது 0 டிகிரி செல்சியசில் உறைந்து பனிக்கட்டியாகும்போது, அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு மிகுகின்றது. குழாய்க்குள் அடைபட்ட நீர் இவ்வாறு விரிந்தால் குழாய் வெடிக்கும். ஆகவே, குழாய்களின்மேல் வெப்பம் காக்கும் உறையையும், மின்னாற்றலால் சூடேறும் நாடாவையும் சுற்றுவர். அலமாரிகளுக்குப் பின்னே செல்லும் குழாய்களுக்கு அறையின் வெம்மை எட்டும்பொருட்டு, இரவில் அவற்றின் கதவுகளைத் திறந்து வைப்பர். கழிவுநீரைச் சிறிது சிறிதாக வெளியே கசியவிட்டால், அது வழியிலேயே உறைந்து குழாயை அடைத்துவிடும். ஆதலால், தொட்டி நிறையும்வரை அடைப்பிதழை மூடிவைத்துப் பின்னரே ஒருங்கே வெளியேற்றுவர்.

இரண்டாவது வெப்பம். ஊர்தியின் அடியில் வீசும் குளிர்காற்று தரையையும் தொட்டிகளையும் தாக்கும். அதனைத் தடுக்க, ஊர்தியின் அடிப்புறத்தைச் சுற்றிலும் பலகைகளாலோ தடித்த விரிப்புகளாலோ மறைப்பு அமைப்பர். சன்னல்களின் உட்புறத்தில் மெல்லிய தாளொன்றை இழுத்து ஒட்டுவர். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே அசைவின்றி நிற்கும் காற்று, வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கும். எரிபொருளாகப் புரோப்பேன் வாயுவைக் கொள்வர். பியூட்டேன் 0 டிகிரி அளவிலேயே ஆவியாக மறுக்கும். புரோப்பேனோ உறைநிலைக்குக் கீழே 42 டிகிரி வரையிலும் ஆவியாகும் இயல்புடையது.

இவ்விரண்டையும் செய்து முடித்தவர், 'இனிக் காற்றுப் புகும் வழி அனைத்தையும் அடைத்துவிட்டால் குளிர் அணுகாது' என்று எண்ணக்கூடும். பேரிடர் தொடங்குவது இங்கேதான். மக்கள் விடும் மூச்சிலும், சமையலிலும், குளியலிலும் நீராவி எழுகின்றது. ஒரு கிலோகிராம் புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோகிராமுக்கும் மேற்பட்ட நீர் ஆவியாக உண்டாகும். அடைபட்ட அறையில் அந்த ஆவி குளிர்ந்த சுவரில் துளிகளாய்ப் படிந்து, படுக்கையின் அடியில் பூஞ்சணத்தை வளர்க்கும்.

இதனினும் கொடியது மற்றொன்று. போதிய காற்றின்றி எரியும் நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின், உயிர்வளியைவிட இந்நஞ்சினோடு 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணையும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்பன அதன் அறிகுறிகள். உறங்குபவரோ அவற்றையும் உணரார். உறக்கத்திலேயே உயிர் துறப்பர். ஆதலின், இந்நச்சுவாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியை ஊர்தியினுள் பொருத்துவர். சமையலடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்தார். மின்னாக்கியைச் சன்னல்களுக்குத் தொலைவில், வெளியே நிறுத்துவர். வெப்பமூட்டியின் புகைபோக்கியை மூடும் பனியை அவ்வப்போது அகற்றுவர். கூரையிலுள்ள காற்றுவழியைக் கடுங்குளிரிலும் சிறிதளவு திறந்தே வைப்பர்.

வெம்மையைக் காக்க அரும்பாடு பட்டவரே அவ்வெம்மையுள் சிறிது வெளியேற வழிவிடுவது முரணாகத் தோன்றலாம். ஆயினும், அவ்வழியே போவது சிறிதளவு வெப்பம். வருவது குடும்பத்தின் உயிர்மூச்சு. குளிரைத் தடுத்தல் அறிவுடைமை. தடுக்கும் அளவறிதல் அதனினும் சிறந்த அறிவுடைமை. நிலத்தில் நிற்கும் வீடாயினும், சக்கரத்தின்மேல் ஓடும் வீடாயினும், உள்ளிருப்போரை உயிரோடு காப்பதே இல்லத்தின் முதற்கடன் ஆகும்.