கிதார்: வாசிக்கவும் பேணவும்

இளையோர் பெரிதும் விரும்பும் இசைக்கருவிகளுள் கிதார் ஒன்று. பிறந்தநாளுக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் பெற்றோர் அதனை ஆசையோடு வாங்கித் தருகின்றனர். ஆயினும் சில மாதங்கள் சென்றதும் அது உறையோடு பீரோவின்மேல் ஏறிவிடுவதைப் பல வீடுகளில் காண்கிறோம். காரணம் கேட்டால், “விரல் வலிக்கிறது, எனக்குக் கை வரவில்லை” என்பதே விடையாக இருக்கும். உண்மையில் பல வேளைகளில் குறை கையில் இல்லை, கருவியில்தான் இருக்கிறது. தந்திகள் அளவுக்கு மேல் உயர்ந்து நிற்கும் கிதாரில் தேர்ந்தவர் விரலும் வலிக்கும். அக்குறையை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு நீக்குவது என்பதை மாணவியர் அறிந்துகொள்ளவே இக்கட்டுரை.

கருவியின் வரலாறு

இன்றைய கிதாருக்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் ஸ்பெயின் நாட்டு அல்மெரியாவில் 1817-இல் பிறந்த அந்தோனியோ தெ தோரஸ். தச்சுத் தொழில் கற்ற இவர் கிதாரின் உடலைப் பெரிதாக்கினார். மேற்பலகையின் உட்புறம் விசிறிபோல் மெல்லிய சட்டங்களை ஒட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். கிதாரின் ஓசைக்கு மேற்பலகையே உயிர் என்பது அவர் கொள்கை. அதனை மெய்ப்பிக்க 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்து ஒரு கிதார் செய்தார். அக்கருவி பார்சலோனா நகர இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. தோரஸ் 1892-இல் காலமானார்.

செருமனியில் பிறந்த கிறிஸ்டியன் பிரடெரிக் மார்ட்டின் 1833-இல் அமெரிக்கா சென்றார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவில் நாசரேத்து என்னும் ஊரில் குடியேறி கிதார் செய்தார். மேற்பலகையின் உள்ளே பெருக்கல் குறிபோல் குறுக்குச் சட்டம் பொருத்தும் முறை அவரது பட்டறையில் வளர்ந்தது. பிற்காலத்தில் எஃகுத் தந்திகளின் இழுவிசையைத் தாங்க அதுவே துணையாயிற்று.

முற்காலக் கிதார்களுக்கு விலங்குகளின் குடலிலிருந்து எடுத்த நரம்பே தந்தி. 1940-களில்தான் நைலான் தந்திகள் வந்தன. புகழ்பெற்ற கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியாவும் நியூயார்க்கில் வாழ்ந்த ஆல்பர்ட் அகஸ்டீனும் அதற்கு உழைத்தனர்.

இங்கு மாணவியர் மறவாது கொள்ளவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ விசையுடன் இழுக்கின்றன. எஃகுத் தந்திகளோ 70 கிலோவுக்கும் மேல் இழுக்கும். “ஓசை கூடுதலாக வரும்” என்றெண்ணி நைலான் கிதாரில் எஃகுத் தந்தி பூட்டினால் மேற்பலகை புடைக்கும், குதிரை பெயர்ந்துவிடும்.

மெட்டுகளில் மறைந்துள்ள கணக்கு

நம் வீணையில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுகள் இருப்பதுபோலவே கிதாரிலும் பன்னிரண்டு மெட்டுகள் உள்ளன. வீணை மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதால் அவற்றை மாற்றி அமைக்கலாம். கிதாரின் மெட்டுகளோ மரத்தில் அறைந்தவை. ஆகவே தொடக்கத்திலேயே கணக்குப் பிசகாது இருத்தல் வேண்டும்.

வானியல் அறிஞர் கலிலேயோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி ஓர் இசை அறிஞர். அவர் 1581-இல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய விதி தந்தார்: தந்தியின் நீளத்தைப் பதினெட்டால் வகுத்து, ஒரு பங்கு தூரத்தில் முதல் மெட்டை வை, எஞ்சிய நீளத்தை மீண்டும் பதினெட்டால் வகுத்து அடுத்ததை வை. இன்று 18-க்குப் பதிலாக 17.817 என்ற நுட்பமான எண்ணைக் கொள்கிறோம். 650 மில்லிமீட்டர் நீளமுள்ள தந்திக்கு முதல் மெட்டு 36.5 மி.மீ. தூரத்திலும், ஐந்தாவது 163 மி.மீ. தூரத்திலும், ஏழாவது 216 மி.மீ. தூரத்திலும், பன்னிரண்டாவது சரிபாதியாகிய 325 மி.மீ. தூரத்திலும் அமையும். அளவுகோல் எடுத்து உங்கள் கிதாரை அளந்து பாருங்கள். வகுப்பறையில் படித்த பெருக்குத் தொடர் உங்கள் மடியிலேயே இருப்பதைக் காண்பீர்கள்.

செவ்வை செய்யும் முறை

ஒன்று: முதலில் தந்திகளைப் புதிதாக மாற்றுங்கள். துருவேறிய பழைய தந்தியில் எந்தச் சோதனையும் சரியான விடை தராது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது. பின் சுருதி கூட்டுங்கள். தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பது வரிசை. ‘ஏ’ இசைக்கவை 440 அதிர்வு கொண்டது. ஐந்தாம் தந்தி அதற்கு இரண்டு ஸ்தாயி கீழே 110 அதிர்வில் ஒலிக்கும்.

இரண்டு: கழுத்தின் வளைவைப் பாருங்கள். ஆறாம் தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே நோட்டுத்தாள் இரண்டு மூன்று நுழையும் அளவு, அதாவது கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். எஃகுத் தந்திக் கிதார்களின் கழுத்தினுள் இதைச் சீர்செய்ய ஓர் இரும்புக் கம்பி உண்டு. கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த தாடியஸ் மெக்ஹியூ இதற்கு 1923-இல் காப்புரிமை பெற்றார். இதனைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்பலாகாது. திருப்பியபின் சற்றுப் பொறுத்து மீண்டும் அளக்கவேண்டும்.

மூன்று: கழுத்தின் மேல்நுனியில் தந்திகள் அமரும் சிறு துண்டுக்கு ‘நட்’ என்று பெயர். ஒரு தந்தியை மூன்றாம் மெட்டை ஒட்டி அழுத்திக்கொண்டு முதல் மெட்டைப் பாருங்கள். அங்கே மயிரிழை இடைவெளியே தெரியவேண்டும். அதிகம் தெரிந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதாது என்று பொருள். புதிதாகக் கற்போரின் விரல் வலிக்கு இதுவே பெரும்பாலும் காரணம். பள்ளத்தை மெல்லிய அரத்தால் சிறுகச் சிறுகத் தேய்க்கவேண்டும். மிகுதியாகத் தேய்த்தால் தந்தி மெட்டில் இரையும். வேறு நட் பொருத்த நேரிடும். ஆகவே முதல் முறை அனுபவம் உள்ளவர் அருகிருக்கச் செய்வது நலம்.

நான்கு: பன்னிரண்டாம் மெட்டில் தந்தியின் உயரத்தை அளங்கள். நைலான் கிதாரில் மெல்லிய தந்திக்கு 3 மி.மீ., தடித்ததற்கு 4 மி.மீ. பொதுவான அளவு. எஃகுத் தந்திக் கிதாரில் சுமார் 2 மி.மீ. முதல் 2.5 மி.மீ. வரை இருக்கலாம். அதற்கு மேலிருந்தால் குதிரையின்மேல் செருகிய ‘சாடில்’ என்னும் வெள்ளைத் துண்டை எடுத்து அடிப்புறத்தைத் தேய்க்கவேண்டும். கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்தால் அடிப்புறம் சமமாக வரும். எவ்வளவு தேய்ப்பது? பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவில் உள்ளது. எனவே அங்கு 1 மி.மீ. குறைய, கோடியிலுள்ள சாடிலில் 2 மி.மீ. குறைக்கவேண்டும். வடிவொத்த முக்கோணங்கள் எதற்கு என்று கேட்கும் மாணவிக்கு இதுவே விடை. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட இயலாது. ஆகவே சிறிது சிறிதாகத் தேய்த்து, அடிக்கடி பொருத்திப் பாருங்கள்.

ஐந்து: இறுதியாகச் சுருதிச் சோதனை. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டினால் மணிபோல் ஒரு நாதம் எழும். அதே மெட்டில் அழுத்தி மீட்டும்போதும் அதே சுருதி வரவேண்டும். அழுத்தும்போது சுருதி உயர்ந்தால், தந்தி இன்னும் உயரமாக நிற்கலாம். அழுத்துகையில் அது கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறும். உயரம் சரியாக இருந்தும் சுருதி ஏறினால், சாடில் தந்தியைத் தாங்கும் இடம் சற்றுப் பின்னால் செல்லவேண்டும்.

பேணுதலும் சேகரித்தலும்

மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், வறட்சியில் சுருங்கும். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது கிதாருக்கு ஏற்றது. அடுப்பங்கரை, சன்னல் வெயில், பூட்டிய கார் ஆகிய இடங்களில் அதனை வைக்கலாகாது.

பழைய கிதார்களைச் சேகரிப்போரும் உண்டு. எண்ணிக்கை பெருக்குவதல்ல சேகரிப்பு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்கி, மரம், தந்தி நீளம், தந்தி மாற்றிய நாள், உயரம் ஆகியவற்றைக் குறித்துவைப்பவரே நல்ல சேகரிப்பாளர். பழைய மெருகைச் சுரண்டிப் புது வண்ணம் பூசுவது கருவியின் வரலாற்றை அழிப்பதாகும்.

மரத்தைப் பற்றியும் சிந்திக்கவேண்டும். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் அரிதானபின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமே. பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992-இல் தடை செய்யப்பட்டது. ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச்சட்டம் இயற்றியது. கையிலுள்ள கிதாரைப் பழுதுபார்த்து நெடுநாள் வாசிப்பது படைப்பைப் பேணும் செயலுமாகும்.

ஆலயத்தில் கிதார்

“அமைதி இரவு” என்று உலகெங்கும் பாடப்படும் கிறிஸ்து பிறப்புப் பாடல் முதன்முதல் கிதாரோடுதான் ஒலித்தது. 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ண்டார்பு ஆலயத்தில், பாடலை எழுதிய அருள்தந்தை யோசேப்பு மோர் கிதார் வாசிக்க, இசையமைத்த பிரான்ஸ் க்ரூபர் உடன் பாடினார். ஆர்கன் பழுதானதால் அவ்வாறு செய்தனர் என்பது பலரும் சொல்லும் கதை. க்ரூபரே 1854-இல் எழுதிய குறிப்பில் அச்செய்தி இல்லை. மோரின் கிதார் ஹாலைன் நகர அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பளித்ததோடு, திருவழிபாட்டுக்குப் பொருந்தும் பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்க வழிசெய்தது.

மாணவியருக்கு ஒரு முன்மாதிரி

எலிசபெத் காட்டன் என்னும் கறுப்பினப் பெண்மணி அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். சிறுவயதிலேயே வீட்டு வேலை செய்து சேர்த்த பணத்தில் கிதார் வாங்கினார். இடக்கைப் பழக்கமுடைய அவர், வலக்கையாளருக்குத் தந்தி கட்டிய கருவியைத் தலைகீழாகப் பிடித்துத் தாமே வாசிக்கக் கற்றார். பின் குடும்பப் பொறுப்புகளால் பல ஆண்டுகள் அதனைத் தொடவே இல்லை. அறுபது வயதை ஒட்டி மீண்டும் எடுத்தார். 1958-இல் அவரது முதல் இசைத்தட்டு வந்தது. தொண்ணூறு வயது கடந்தபின் 1985-இல் கிராமி விருது பெற்றார். அவர் 1987-இல் மறைந்தார்.

‘அமெச்சூர்’ என்ற சொல் ‘அன்பு செய்’ எனப் பொருள்படும் இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. ஊதியத்துக்கன்றி அன்புக்காகச் செய்பவர் என்பதே அதன் பொருள். ஆகவே அன்பு மாணவியரே, அரமும் திருப்புளியும் ஆண்பிள்ளைகளின் கருவிகள் என்று ஒதுங்காதீர்கள். அளந்து, பொறுமையோடு, சிறுகச் சிறுகச் செய்யுங்கள். பெற்றோரே, உங்கள் மகள் “எனக்கு வராது” என்று கிதாரைக் கீழே வைக்கும் நாளில், அவள் விரலைக் குறை கூறுமுன் பன்னிரண்டாம் மெட்டில் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். பீரோவின்மேல் உறங்கும் கருவி இறங்கட்டும். இல்லங்களிலும் ஆலயத்திலும் இறைவனைப் போற்றி ஒலிக்கட்டும்!