வண்டி ஓட்டுகிற கூலி வேறு, பங்கு லாபம் வேறு

நாமக்கல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீயும் உன் சிநேகிதனும் கூட்டாக லாரி எடுக்கப்போவதாக உங்கம்மா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். முதல் பணத்தில் பெரும்பகுதி அவன் போடுகிறான், நீ வண்டி ஓட்டுகிறாய், லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்திருக்கிறீர்களாம். முக்கியமான ஒன்று அந்தப் பேச்சில் விட்டுப்போயிருக்கிறது. நீ ஓட்டுவதற்குக் கூலி என்ன?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழில் வளர்ந்ததே கூட்டால்தான். கிளீனராக ஏறி, டிரைவராகி, கையில் சேர்ந்த காசோடு இன்னொருவர் காசையும் சேர்த்துப் பழைய வண்டி வாங்கி முதலாளி ஆனவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. பைனான்ஸ்காரர் மீதிப் பணம் தருவார். ஆனால் முன்பணம் நாம்தான் கட்ட வேண்டும். அது ஒருவரிடம் முழுசாக இருக்காது. அதனால் இருவர், மூவர் சேர்ந்தார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நான் டிரைவர். என் கூட்டாளி அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். அவர் போட்ட முதலில் பாதிகூட என்னால் போட முடியவில்லை. முதல் லோடு ஏற்றுவதற்கு முன்பே அவர் சொன்னார்: "வெளி டிரைவர் வச்சா என்ன சம்பளம், என்ன படி கொடுப்போமோ, அதை நீங்க எடுத்துக்குங்க. கணக்குப் பார்க்கறதுக்கு நான் மாசம் ஒரு தொகை எடுத்துக்கறேன். அதெல்லாம் போக மிஞ்சறதை, போட்ட முதலுக்குத் தக்கபடி பிரிச்சுக்கலாம்." எங்கள் கூட்டு இத்தனை வருஷம் நின்றதற்கு அந்தப் பேச்சுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவனுக்குத் தன் உழைப்பு கணக்கில் வரவில்லையே என்ற மனக்குறை இல்லை. பணம் போட்டவருக்குத் தன் முதல் வீணாகிறதோ என்ற சந்தேகம் இல்லை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள். 1932ஆம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆவது பிரிவைப் படித்துப் பார். ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், தொழிலில் உழைக்கிற கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது. லாபமும் நஷ்டமும் சமபாகம். முதலுக்கு மேலே ஒருவர் கைக்காசு போட்டால் அதற்கு 6 சதவீத வட்டி உண்டு. நீ எழுதி வாங்காவிட்டால் உன் ராத்திரி ஓட்டத்துக்கு மதிப்பு ஒன்றுமில்லை.

அடுத்தது டிரிப் கணக்கு. வண்டி வந்து நின்றதும் நான் பையைக் கொட்டுவேன். டீசல் பில், டோல் ரசீது, ஏற்றுகூலி, இறக்குகூலிச் சீட்டு, பஞ்சர் ஒட்டிய துண்டுச்சீட்டு எல்லாம் மேசைமேல் விழும். கூட்டாளி ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசித்து நோட்டில் எழுதுவார். மொத்த வாடகை, வாங்கிய அட்வான்ஸ், புக்கிங் ஆபீஸ் கமிஷன், வரவேண்டிய பாக்கி வாடகை நாலும் தனித்தனி வரியில் இருக்கும். கடைசியில் இருவரும் கையெழுத்துப் போடுவோம். அடுத்த லோடு எவ்வளவு அவசரமானாலும் பழைய டிரிப் முடிக்காமல் சாவியைத் தொட்டதில்லை. நெருங்கிய சிநேகிதர்கள் என்றால் இந்தப் பழக்கம் இன்னும் அவசியம். கேட்கக் கூச்சப்பட்டு மனசுக்குள் வைத்துக்கொள்கிற சந்தேகம்தான் கூட்டைப் பிரிக்கிறது.

இரண்டாவது வண்டி எப்படி வரும் என்று கேட்பாய். டிரிப்பில் மிஞ்சியதெல்லாம் லாபம் என்று எண்ணிவிடாதே. பத்து டயர் தேய்ந்துகொண்டே ஓடுகிறது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், வரி, பர்மிட் தவணை தவறாமல் வரும். புது லாரிக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி.; அதற்குப் பிறகு வருஷாவருஷம். பழைய வண்டி எடுத்தால் அந்தச் செலவு உடனே ஆரம்பம். ஒவ்வொரு டிரிப்பிலும் டயருக்கும் தேய்மானத்துக்கும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் நாங்கள் பங்கு பிரித்தோம். அந்தக் கணக்கில் சேர்ந்ததே அடுத்த வண்டிக்கு முன்பணம் ஆனது. அதன் பிறகும் வண்டிக்கு ஒரு நோட்டு. ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் வருமானத்தில் மறைக்கவில்லை.

ரிட்டர்ன் லோடு கிடைக்கிற ஊர்களை முதலில் பழகு. காலியாகத் திரும்பினால் போகும்போது சம்பாதித்தது டீசலுக்கே போய்விடும். கம்பெனியோடு வருஷ ஒப்பந்தம் போட்டால், டீசல் ஏறினால் வாடகையும் ஏறும் என்று ஒரு வரி எழுதச் சொல்.

ஆர்.சி. யார் பேரில் என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதே. விபத்து வழக்கில் ஆர்.சி.யில் பேர் உள்ளவரைத்தான் உரிமையாளர் என்று பார்ப்பார்கள். தொழிலின் கடன்களுக்கோ இரண்டு பேருமே முழுப் பொறுப்பு. அவன் பங்கு, என் பங்கு என்று கடன் கொடுத்தவரிடம் சொல்ல முடியாது. பத்திரம் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கூட்டைப் பதிவு செய்யுங்கள். பதியாத கூட்டு, பாக்கி வாடகை தராத கம்பெனிமேல் வழக்குப் போட முடியாது. ஒருவர் விலகினால் வண்டிக்கு விலை வைப்பது யார், ஒருவர் காலமானால் அவர் குடும்பத்துக்கு எப்போது, எப்படிப் பணம் போகும் என்பதும் அந்தப் பத்திரத்தில் இருக்கட்டும். கல்யாணத்துக்கு முன் பிரிவைப் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று உன் சிநேகிதன் சங்கடப்படலாம். நீ பக்குவமாகச் சொல். இரண்டு வீட்டுக் குழந்தைகளின் சோறு இதில் இருக்கிறது.

நீ உழைப்பாளி, அவன் நல்ல பையன், இரண்டும் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கூட்டு நீடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வா. உன் சம்பளம் எவ்வளவு, அவன் முதலுக்குப் பங்கு எவ்வளவு என்று மூன்று பேரும் உட்கார்ந்து எழுதிவிடலாம்.

அன்புடன்,
உன் மாமன்