எழுத்தாளரைக் கேட்டல்

நுழையும்முன்

நூலைப் படித்து முடித்த பின்னும் அதனை எழுதியவரிடம் கேட்க வேண்டியவை சில எஞ்சி நிற்கின்றன. இக்கதை எங்கே பிறந்தது? இதன் முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டதா? இதில் வரும் முதியவர் உண்மையில் வாழ்ந்தவரா? இத்தகைய வினாக்களோடு எழுத்தாளரை அணுகி, அவர் விடைகளைப் பதிவுசெய்யும் வடிவமே நேர்காணல். அவ்விடைகளை எவ்வளவு நம்பலாம் என்பது தனியே ஆராய வேண்டிய ஒன்று.

குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயரை நாம் அறியோம். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரை அவர் உவமையாக்கினார். அவ்வுவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என அவரை வழங்குகிறோம். அவர் எவ்வூரினர், அந்த மழையை எந்நிலத்தில் கண்டார், வேறு என்னென்ன பாடினார் என்பவற்றை எவரேனும் கேட்டிருந்தாலும் அவ்விடை நம் கைக்கு வந்து சேரவில்லை. பாடல் எவர் துணையுமின்றித் தானே வாழ்கிறது. ஆயினும் இழந்தது இழந்ததே.

உடனிருந்தோர் பதிவுகள்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனார் 1876இல் மறைந்தார். அவரிடம் பயின்ற உ.வே.சாமிநாதர், ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். இடையில் அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்திருந்தது. தாம் நேரில் கண்டவற்றோடு பிறர் சொல்லக் கேட்டவற்றையும் திரட்டியே அந்நூலை அவர் எழுத வேண்டியிருந்தது. ஆசிரியர் செய்யுள்களைத் தடையின்றிச் சொல்லிச் செல்ல, மாணவர் ஏட்டில் எழுதிய காட்சியை நாம் இன்று அறிவது அத்தகைய பதிவால்தான். தலபுராணங்களை மட்டும் படிப்பவர் இதனை அறிய வழியில்லை.

செருமனியில் இத்தகைய பணியைச் செய்தவர் எக்கர்மன். 1823இல் வைமார் நகரில் கவிஞர் கதேயைச் சந்தித்தபோது அவருக்கு வயது முப்பது. கதேக்கு எழுபத்து மூன்று. 1832இல் கதே மறையும்வரை அவர்களின் உரையாடல் தொடர்ந்தது. சீனப் புதினம் ஒன்றைப் படித்த கதே, ‘உலக இலக்கியம்’ என்னும் கருத்தைப் பற்றி 1827இல் பேசியதை எக்கர்மன் பதிவுசெய்தார். இன்று உலகெங்கும் ஒப்பிலக்கிய மாணவர் தொடங்குமிடம் அதுவே. எனினும் எக்கர்மன் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டவர் அல்லர். குறிப்புகளையும் நினைவையும் கொண்டு பின்னர் விரித்தெழுதினார். ஆகவே அந்நூலில் பேசுபவர் கதேயா, எக்கர்மனின் நினைவில் பதிந்த கதேயா என்னும் ஐயம் இன்றும் நீங்கவில்லை.

பட்டறைக்குள் நுழைதல்

1953இல் பாரிசு நகரில் தொடங்கப்பெற்ற ‘பாரிஸ் ரிவ்யூ’ இதழ், நேர்காணலை ஓர் இலக்கிய வடிவமாகவே வளர்த்தெடுத்தது. எழுத்தாளரைப் புகழ்வதோ வம்பு பேசுவதோ அதன் நோக்கமன்று. எழுதும் தொழிலைப் பற்றியே கேட்டது. விடைகளைத் திருத்தி ஒழுங்குசெய்யும் வாய்ப்பும் எழுத்தாளர்க்கு அளிக்கப்பட்டது. பேச்சின் சூடு இதனால் சற்றுத் தணியும் என்பது மெய்தான். சிந்தனையின் தெளிவு அக்குறையை ஈடுசெய்தது.

முதல் இதழில் விடையளித்தவர் ஆங்கிலப் புதின ஆசிரியர் இ.எம்.பார்ஸ்டர். இந்தியாவைக் களமாகக் கொண்டு 1924இல் வெளிவந்த அவரது புதினத்தில் மராபார் குகைகள் இடம்பெறுகின்றன. பீகாரிலுள்ள பராபார் குகைகளே அவற்றுக்கு மாதிரி. அங்கு நிகழ்ந்தது என்ன என்று படித்தோர் பலரும் வாதிட்டு வந்தனர். பார்ஸ்டரோ, குகைகளில் முதன்மையான ஏதோ ஒன்று நிகழும் என்பது மட்டுமே எழுதத் தொடங்கியபோது தமக்குத் தெரியும் என்றும், அது இன்னதென்று தெரியாது என்றும் கூறினார். படைத்தவர் அனைத்தும் அறிந்தவர் என்று எண்ணும் வாசகருக்கு இவ்விடை வியப்பளிக்கும். ஆனால் அப்புதினத்தைச் சூழ்ந்துள்ள தெளிவின்மைக்கு இதைவிட நேர்மையான விளக்கம் வேறில்லை.

அதே இதழுக்காக எர்னெஸ்ட் ஹெமிங்வேயை ஜார்ஜ் பிளிம்ப்டன் கண்ட நேர்காணல் 1958இல் வெளிவந்தது. 1929இல் வெளியான தம் போர்க்காலப் புதினத்தின் கடைசிப் பக்கத்தை முப்பத்தொன்பது முறை திருத்தி எழுதியதாக ஹெமிங்வே சொன்னார். அப்படி என்ன சிக்கல் என்று கேட்டதற்கு, சொற்கள் சரியாக அமைய வேண்டியிருந்தது என்னும் பொருளில் சுருக்கமாக விடையளித்தார். எழுதப் பழகும் இளையோரிடம் ஆசிரியர்கள் இச்செய்தியைப் பலகாலம் எடுத்துக்காட்டி வந்தனர். பின்னர், பாஸ்டன் நகரின் கென்னடி நூலகத்திலுள்ள கையெழுத்துப்படிகளைக் கொண்டு அந்நூலின் புதிய பதிப்பு 2012இல் வெளிவந்தது. அதில் அச்சான மாற்று முடிவுகள் நாற்பத்தேழு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து சொன்ன எண் குறைவாக இருந்ததில் வியப்பில்லை. அவர் பட்ட பாடு பொய்யன்று. கணக்கை மட்டும் தாள்களிடம் கேட்க வேண்டியிருந்தது.

நண்பரின் வினாக்கள்

கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸோடு அவர் நண்பர் மெந்தோசா நிகழ்த்திய உரையாடல், 1982இல் ‘கொய்யாவின் மணம்’ எனப் பொருள்படும் தலைப்பில் நூலாயிற்று. அவ்வாண்டே மார்க்கேஸ் நோபல் பரிசும் பெற்றார். நூல்களைப் பற்றிய பேச்சு அதில் ஊரையும் உறவையும் விட்டு விலகுவதே இல்லை. அரக்காட்டக்கா என்னும் சிற்றூரில் தாத்தா பாட்டியின் வீட்டில் வளர்ந்தவர் மார்க்கேஸ். பனிக்கட்டியைப் பார்த்ததில்லை என்று சிறுவன் சொன்னதும், தாத்தா அவனை வாழைத்தோட்ட நிறுவனத்தின் குடியிருப்புக்கு அழைத்துச் செல்கிறார். உறைந்த மீன்பெட்டி ஒன்றைத் திறக்கச் சொல்லி, அதனுள் கைவைக்கச் செய்கிறார். ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ முழுவதும் அந்த ஒரு காட்சியிலிருந்தே தொடங்கியது என்கிறார் மார்க்கேஸ். நம்ப இயலாத செய்திகளையும் முகம் மாறாமல் சொல்லும் பாட்டியின் வழக்கமே அப்புதினத்தின் நடையாயிற்று என்பதையும் அவர் விளக்குகிறார்.

வியத்தகு நிகழ்வுகள் நிறைந்த அப்புதினத்தைக் கட்டற்ற கற்பனை என்றே கருதிய வாசகர் பலர். ஒரு பாட்டி கதை சொல்லும் திண்ணையிலிருந்து அது எழுந்தது என அறிந்த பின், கதைகேட்டு வளர்ந்த நம்மவர்க்கு அது அயலார் நூலாகத் தோன்றுவதில்லை. மெந்தோசா மார்க்கேஸின் நீண்டகால நண்பர்; அவர் நூல்களை நன்கறிந்தவர். எந்தக் கதவைத் தட்டினால் எந்த நினைவு திறக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நூலைப் படிக்காமல் செல்பவர், “உங்களுக்குப் பிடித்த நிறம் எது?” என்று கேட்டுத் திரும்புவார்.

தமிழில்

தமிழ் இதழ்களில் நேர்காணலுக்கு உரிய இடத்தை அளித்தவற்றுள் ‘சுபமங்களா’ குறிப்பிடத்தக்கது. ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தை எழுதிய கோமல் சுவாமிநாதன் 1991 முதல் 1995 வரை அதன் ஆசிரியராக விளங்கினார். எழுத்தாளர்களும் கலைஞர்களும் அதில் தம் வறுமை, வாசிப்பு, கொள்கைப் பூசல், கைவிட்ட படைப்பு ஆகியவற்றை விரிவாகப் பேசினர். உரையாடலே நாடகத்தின் உயிர் என அறிந்த ஒருவர் அவ்விதழை நடத்தியது தற்செயலாக இருக்க முடியாது. 1995இல் கோமல் மறைந்தார், இதழும் நின்றது. அந்நேர்காணல்கள் பின்னர்த் தொகுக்கப்பெற்று நூலாயின. விடையளித்தோருள் பலர் இன்றில்லை. அவர்தம் படைப்புகளை ஆராயப் புகும் மாணவர், கேட்க வேண்டியதை அப்பக்கங்களிடமே கேட்கின்றனர்.