எடை குறைய எது வேண்டும்: அளவா, தரமா?

உயிர் வாழ உணவு இன்றியமையாதது என்று கீழ்வகுப்பிலேயே படித்து விட்டோம். ஆனால் பத்தாம் வகுப்புக்கு வந்த பின் எங்களுள் சிலருக்கு உணவைக் கண்டாலே பயம் வந்து விட்டது. மெலிய வேண்டும் என்று காலை உணவை விட்டு விடுவோர் உண்டு. மதியச் சோற்றில் பாதியை மிச்சம் வைப்போரும் உண்டு. அதே தோழியர் மாலையில் ஒரு சிப்ஸ் பொட்டலத்தைக் காலி செய்வதையும் காண்கிறோம். ஆகவே, எடை குறைய உணவின் அளவைக் கவனிக்க வேண்டுமா, தரத்தைக் கவனிக்க வேண்டுமா என்று இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கலோரிக் கணக்கு

ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே ஒரு கிலோ கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் சுருக்கமாகக் கலோரி என்கிறோம். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், ஒரு கிராம் புரதம் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன.

நமது உடல் ஒரு சேமிப்புக் கணக்கைப் போன்றது. செலவை விட வரவு மிகுந்தால் மிகுதி கொழுப்பாகச் சேர்கிறது. வரவு குறைந்தால் சேர்ந்த கொழுப்பு கரைகிறது. நல்ல உணவுக்கும் இக்கணக்கில் விலக்கு இல்லை. வேர்க்கடலை சத்து மிக்கதுதான். ஆனால் 100 கிராமில் ஏறத்தாழ 570 கலோரி இருப்பதால், அளவின்றிக் கொறித்தால் எடை கூடும். வெல்லத்திலும் ஏறக்குறைய சர்க்கரை அளவு கலோரி உண்டு. எனவே எடையைத் தீர்மானிப்பது அளவே என்று சொல்வோர் சொல்வது உண்மை.

அப்படியானால் தரத்துக்கு வேலை இல்லையா?

குற்றாலத்தில் சாரல் காலம் தொடங்கியதும் நம் இலஞ்சி வழியே செல்வோர் கையில் நேந்திரங்காய் சிப்ஸ் இருக்கும். 100 கிராம் நேந்திரம் பழத்தில் சுமார் 120 கலோரிதான் உண்டு. அதே எடையுள்ள சிப்ஸில் 500 கலோரிக்கு மேல் இருக்கும். காரணம் என்ன? எண்ணெயில் பொரியும்போது காய் தன் நீரை இழந்து எண்ணெயை ஏற்றுக் கொள்கிறது. ஒரு பழம் தின்றதும் வயிறு போதும் என்கிறது. சிப்ஸ் தின்பவரின் கையோ மீண்டும் மீண்டும் பொட்டலத்துக்குள் போகிறது.

இதை விஞ்ஞானிகள் சோதித்தும் பார்த்துள்ளனர். 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கள் ஆய்வு மருத்துவமனையில் நான்கு வாரம் தங்க வைத்தனர். இரண்டு வாரம் ஆலைகளில் தயாரான உணவும், இரண்டு வாரம் இயற்கையான பொருள்களைச் சமைத்த உணவும் கொடுத்தனர். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் உண்ணலாம் என்று விட்டு விட்டனர். ஆலை உணவின்போது அவர்கள் நாள்தோறும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, ஏறத்தாழ 0.9 கிலோ எடை கூடினர். மற்ற உணவின்போது அதே அளவு எடை குறைந்தனர். யாரும் அவர்களைப் பட்டினி போடவில்லை. உணவு தரமானதாக இருந்தபோது அளவு தானாகவே அடங்கியது.

எடை மட்டும் போதுமா?

தமிழ்நாட்டுக்கு இந்த ஆராய்ச்சி புதிதன்று. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் டாக்டர் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அரிசியை வெள்ளையாகத் தீட்டும்போது தவிட்டோடு பி1 வைட்டமினும் போய்விடுகிறது. அதனால் வயிறு நிறையச் சோறு உண்டவருக்கும் பெரிபெரி வந்தது. கலோரி இருந்தது; சத்து இல்லை. அந்தச் சிறு பிரிவே வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

இன்றைய நிலையைப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. எடை மிகுந்திருந்தும் இரத்தம் குறைந்திருக்கலாம் என்பது இதனால் விளங்கும். உணவைப் பாதியாக்கினால் கலோரி குறையும். ஏற்கெனவே குறைவாக உள்ள இரும்புச்சத்தும் சேர்ந்து குறையும். பிறகு மயக்கம், சோர்வு, பாடத்தில் மறதி எல்லாம் வரிசையாக வரும்.

நாம் செய்யத்தக்கவை

13 முதல் 15 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2400 கலோரி தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் கூறியது. இது வளரும் வயது. பட்டினி கிடக்கும் வயதன்று. எடை உண்மையிலேயே மிகுதியா என்பதை மருத்துவர் சொல்லட்டும். கண்ணாடியும் தோழியரின் கேலியும் சொல்ல வேண்டாம்.

காலை உணவை விடக் கூடாது. தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கட்டும்; மீதிப் பாதியில் சோற்றோடு பருப்போ, பயறோ, முட்டையோ, மீனோ சேரட்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல், மோர் ஆகியவை நம் வீட்டுச் சமையலறைக்குப் புதியவை அல்ல. இரும்புச்சத்து உடலில் சேர நெல்லிக்காயும் கொய்யாவும் உதவும். உண்டவுடன் குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். பொரித்த பண்டமும் இனிப்பும் என்றோ ஒரு நாள் போதும். மாலையில் ஒரு மணி நேரம் ஓடி விளையாட வேண்டும். தேர்வு வருகிறது என்று எங்கள் விளையாட்டு நேரத்தைக் குறைக்க வேண்டாம் என்று பெற்றோரை அன்புடன் வேண்டுகிறோம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் பசியறிந்து அளவோடு உண்ணச் சொன்னார். உடலுக்கு ஒவ்வாததை விலக்கவும் சொன்னார். அளவையும் தரத்தையும் அவர் பிரிக்கவில்லை. எடையைக் கூட்டுவதும் குறைப்பதும் அளவுதான். ஆனால் பசியால் வாடாமல் அந்த அளவில் நிற்க உதவுவது தரம். ஆகவே தோழியரே, முதலில் நல்ல உணவைத் தேர்ந்தெடுப்போம். பின்பு போதும் என்று வயிறு சொல்லும்போது கேட்போம்.