விருந்தினருக்கும் முறை வைத்த மலைக்கிராமங்கள்

ஒருவர் நான்கு நாள் மலைநடைக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானக் கட்டணம், பயண முகவரின் கட்டணம், நகரத்து விடுதி வாடகை, கூடாரம், டப்பாவில் அடைத்த உணவு என அவர் செலவிடும் தொகை பல ஆயிரங்களைத் தொடுகிறது. அவர் நடக்கும் பாதையோ ஒரு கிராமத்தின் மேய்ச்சல் நிலத்தின் வழியே செல்கிறது. அவர் குடிக்கும் நீர் அக்கிராமத்து ஓடையிலிருந்து வருகிறது. அவர் திரும்பிச் சென்ற பின்னர் அக்கிராமத்தின் பேரேட்டை விரித்துப் பார்த்தால், வரவுப் பக்கத்தில் எவ்வளவு இருக்கும்? பல இடங்களில் மிகச் சிறிதே இருக்கும். பற்றுப் பக்கத்திலோ மேய்ந்து தீர்ந்த புல்லும், விட்டுச் சென்ற நெகிழிக் குப்பையும் இருக்கும்.

மலையேற்றம், காட்டுநடை, பறவை நோக்கல் போன்ற திறந்தவெளிப் பொழுதுபோக்குகள் ஊரகப் பொருளாதாரத்தை உயர்த்தும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது தானாக நிகழ்வதில்லை. யார் விருந்தினரை ஏற்பது, வருவாயில் எவ்வளவு பொதுவுக்குச் செல்வது, எப்போது "போதும்" என்று சொல்வது ஆகிய மூன்றையும் கிராமமே முடிவு செய்யும் இடத்தில்தான் அது நிகழ்கிறது. இதற்கு லடாக்கின் சில சிற்றூர்கள் நல்ல பாடமாக விளங்குகின்றன.

வழி திறந்தது, வரவு சேரவில்லை

லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது 1974ஆம் ஆண்டில். சிந்து நதிக்குத் தெற்கே அமைந்த மர்க்கா பள்ளத்தாக்கு விரைவிலேயே மலைநடைப் பயணிகளின் விருப்பத்திற்குரிய பாதையாயிற்று. 5,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொங்மாரு லா கணவாயைக் கடந்து செல்லும் பாதை அது. 1981இல் இப்பகுதி ஹெமிஸ் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வந்தது.

ஆண்டு மழையளவு ஏறத்தாழ 100 மில்லிமீட்டரே உள்ள குளிர்ப்பாலைவனம் லடாக். பனி உருகி வரும் நீரைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு போகம் பார்லி விளையும். ஆடு, செம்மறி, யாக் ஆகியவையே குடும்பத்தின் கையிருப்பு. பயணிகள் வந்தபோது அவர்களுக்கான கூடாரமும் சமையற்காரரும் உணவுப்பொருளும் பெரும்பாலும் லே நகரத்திலிருந்தே உடன் வந்தன. சுமைக்குதிரைகளை வாடகைக்கு விட்ட சிலரைத் தவிர, வழியிலிருந்த வீடுகளுக்கு வருவாய் இல்லை.

பனிச்சிறுத்தை எழுதிய பற்று

இதே மலைகளில் வாழும் பனிச்சிறுத்தை மற்றொரு இழப்பையும் தந்தது. இரவில் கூரையற்ற ஆட்டுப்பட்டிக்குள் அது இறங்கிவிட்டால் ஓர் ஆட்டோடு நிற்பதில்லை. மிரண்டு ஓடும் ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்றுவிடும். ஆடுகளே சேமிப்பாக உள்ள குடும்பத்திற்கு, ஒரே இரவில் கணக்கு காலியாவதற்கு ஒப்பானது இது. சினமுற்ற மேய்ப்பர்கள் அவ்விலங்கைக் கொன்றதும் உண்டு. சட்டம் அதனைத் தடை செய்தது. ஆனால் இழந்த ஆட்டைச் சட்டம் திருப்பித் தரவில்லை.

இந்தச் சிக்கலை வேறு வகையில் அணுகியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் மலையேற்ற வல்லுநரும் இயற்கை ஆர்வலருமான ரிஞ்சென் வாங்சுக். அவர் தலைமையில் இயங்கிய பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஊர்மக்களோடு அமர்ந்து இரண்டு வேலைகளைத் தொடங்கியது. முதலாவது, பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரையும் உறுதியான கதவும் அமைப்பது. இரண்டாவது, 2002ஆம் ஆண்டையொட்டி ரும்பக் முதலிய சிற்றூர்களில் தொடங்கிய ஹோம்ஸ்டே திட்டம். பயணி கூடாரத்தில் தங்காமல் கிராமத்து வீட்டில் தங்குவார். அவ்வீட்டார் உண்பதையே உண்பார். வறுத்த பார்லி மாவு, துக்பா, வெண்ணெய்த் தேநீர் ஆகிய அனைத்தும் அங்கேயே ஆக்கப்படுபவை. செலவிடும் பணத்தின் பெரும்பகுதி நேரே இல்லத்தரசியின் கைக்கு வந்தது.

நீர்முறை விருந்துமுறை ஆயிற்று

ரும்பக் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. விரல்விட்டு எண்ணத்தக்க வீடுகளே அங்குண்டு. அவற்றுள் பாதை ஓரத்தில் இருக்கும் வீட்டிற்கே எல்லா விருந்தினரும் சென்றால் என்ன நேரும்? ஒரு வீடு மாளிகையாகும். அடுத்த வீடு மனக்கசப்பில் மூழ்கும். எனவே முறை வைத்தார்கள். இன்று வரும் விருந்தினர் இந்த வீட்டிற்கு, நாளை வருபவர் அடுத்த வீட்டிற்கு. கட்டணமும் எல்லா வீட்டிற்கும் ஒன்றே. ஆகவே, விலையைக் குறைத்து ஒருவர் விருந்தினரை மற்றொருவர் இழுக்கும் போட்டிக்கு இடமில்லை.

லடாக்கியருக்கு முறை வைப்பது புதிதன்று. பனிநீரை வயல்களுக்குப் பகிர்ந்து விடுவதற்கு அங்குள்ள ஊர்களில் 'சுர்பொன்' எனப்படும் நீர்ப்பங்கீட்டாளரை அமர்த்துவது நெடுங்கால வழக்கம். நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்த வேலையே அவருடையதும். நீருக்கு முறை வைத்துப் பழகிய மக்களுக்கு விருந்தினருக்கும் முறை வைப்பது எளிதில் விளங்கிய ஒழுங்காக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வருவாயில் ஏறத்தாழ 10 விழுக்காடு கிராமத்தின் பாதுகாப்பு நிதிக்குச் செல்லவேண்டும் என்பதும் விதி. எடுத்துக்காட்டாக, ஓர் இரவுக்கு ஒருவரிடம் 1,000 ரூபாய் பெற்றால் 100 ரூபாய் பொதுவுக்குச் சேரும். தனி ஒருவருக்குச் சிறிதாகத் தோன்றும் இத்தொகை, குப்பை அகற்றவும் பாதை செப்பனிடவும் மரம் நடவும் ஊருக்குச் சொந்தமான முதலாகிறது. எவரிடமும் கையேந்தாமல் செலவிடக்கூடிய முதல் அது.

அடையாளம் மாறிய விதம்

பணம் மட்டும் வந்திருந்தால் இதனை வருமானக் கணக்கு என்று முடித்துவிடலாம். மாறியது மக்கள் தம்மைத் தாமே பார்க்கும் பார்வை. சனவரி முதல் மார்ச்சு வரையிலான கடுங்குளிரில், வேறெந்த வருவாயும் இல்லாத காலத்தில், பனிச்சிறுத்தையைக் காண்பதற்கென்றே பயணிகள் வரலாயினர். ஆட்டைக் கொல்லும் பகையாக இருந்த விலங்கு ஊரின் பெயரைச் சொல்லும் செல்வமாயிற்று. எந்தப் பாறையில் அதன் அடையாளம் இருக்கும், எந்தச் சரிவில் அது படுத்திருக்கும் என்று அறிந்த மேய்ப்பர் மகன் இன்று வழிகாட்டி. கல்லூரியில் கற்பிக்கப்படாத அவ்வறிவுக்குக் கூலி கிடைத்தபோது, அதற்கு மதிப்பும் கிடைத்தது.

2024 சனவரியில் வெளியான நாட்டின் முதல் முழுமையான கணக்கெடுப்பு, இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாகவும் அவற்றுள் 477 லடாக்கில் உள்ளனவாகவும் மதிப்பிட்டது. அதற்கு ஊர்மக்களின் பொறுமையும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

"போதும்" என்ற சொல்

மூன்றாவது முடிவே கடினமானது. லே நகருக்கு அருகிலுள்ள ஸ்டோக் கிராமத்தின் தலைக்கு மேல் நிற்கிறது 6,153 மீட்டர் உயரமுள்ள ஸ்டோக் காங்ரி. தேர்ந்த மலையேற்ற வீரரல்லாதவரும் முயன்று எட்டக்கூடிய 6,000 மீட்டர்ச் சிகரம் என்ற புகழ் அதற்கு இருந்ததால் ஆண்டுதோறும் கூட்டம் பெருகியது. அம்மலையின் பனியாறே ஸ்டோக் மக்களின் குடிநீருக்கும் வயலுக்கும் ஆதாரம். முகாம்களின் கழிவு அந்நீரின் தலைவாயிலிலேயே சேர்ந்தது, பனியும் குறைந்துவந்தது. ஊர்மக்களின் வற்புறுத்தலால் 2020ஆம் ஆண்டு முதல் அச்சிகரம் மலையேறுவோருக்கு மூடப்பட்டது. பயண முகவர்களின் சங்கமும் அதனை ஏற்றுக்கொண்டது.

வருமானத்தை வேண்டாம் என்று சொல்வது அறியாமை ஆகுமா? வணிகவியல் படித்தவன் என்ற முறையில் என் விடை இதுதான்: ஆண்டு வருவாய்க்காக முதலையே விற்பவன் இலாபம் ஈட்டுபவன் அல்லன். ஸ்டோக் கிராமத்தின் முதல் அதன் நீர். அதைக் காத்தவர்கள் கணக்கறிந்தவர்களே.

என் மேசையில் நிகழ்ந்த பிழை

இப்பாடத்தை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வடமாநிலம் ஒன்றின் மலைப்பகுதிக் கிளையில் பணியாற்றியபோது, தம் வீட்டில் இரண்டு அறைகளைப் பயணியர் தங்குவதற்கு ஏற்றவாறு மாற்றியமைக்க ஒரு பெண்மணி கடன் கேட்டு வந்தார். ஆவணங்கள் சரியாக இருந்தன. கடனை வழங்கப் பரிந்துரைத்தேன். மாதந்தோறும் சமத் தவணை என்று வழக்கம்போல் அட்டவணை இட்டேன்.

மழைக்கு முன்னும் பின்னுமாக ஐந்து மாதங்களே அங்குப் பயணிகள் வருவர். பனி மூடிய மாதங்களில் தவணைகள் நிலுவையாயின. 90 நாள் நெருங்கியபோது, கணக்கு வாராக்கடன் ஆகிவிடும் என்று அவருக்கு எழுதினேன். அவர் கிளைக்கு வந்து மூன்று தவணையையும் ஒன்றாகச் செலுத்தினார். பணம் எப்படி வந்தது என்று கேட்டேன். "கறவை மாட்டை விற்றுவிட்டேன், ஐயா" என்றார்.

அவர் ஏமாற்றவில்லை, தொழிலும் பொய்க்கவில்லை. பிழை என் அட்டவணையில் இருந்தது. பயிர்க்கடனுக்கு அறுவடையைப் பார்த்துத் தவணை வைக்கும் நாம், பயணியர் பருவமும் ஓர் அறுவடையே என்பதை எண்ணவில்லை. அதன்பின் பருவ மாதங்களில் பெருந்தவணையும் மற்ற மாதங்களில் வட்டி மட்டும் என்று அட்டவணையைத் திருத்தி ஒப்புதல் பெற்றேன். கடன் முழுவதும் அடைபட்டது. விற்ற மாடு மட்டும் திரும்பவில்லை.

வாடிக்கையாளர் கவனத்திற்கு

கிராமத்தில் இத்தகைய தொழில் தொடங்க எண்ணுவோர் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

ஒன்று: கடன் கேட்கும்போதே உங்கள் பருவ மாதங்களை எழுதிக் கொடுங்கள், அதற்கேற்ற தவணையைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இரண்டு: 2025-26 நிதிநிலை அறிக்கை, ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்று அறிவித்தது. முத்ராவில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிசோர் பிரிவில் 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் 10 லட்சம் வரையும் பிணையின்றிக் கடன் பெறலாம். சிறிய தொகையில் தொடங்கி வளர்வதே நன்று.

மூன்று: வேளாண்மையையும் கால்நடையையும் கைவிடாதீர்கள். 2020இல் பெருந்தொற்றால் பயணம் நின்றபோது, வயலும் பட்டியும் வைத்திருந்தவர்களுக்கு உணவேனும் இருந்தது.

நான்கு: அண்டை வீட்டாருடன் சேர்ந்து ஒரே கட்டணம், முறை, பொதுநிதி ஆகியவற்றை முதலிலேயே எழுத்தில் வகுத்துக்கொள்ளுங்கள். பொதுநிதிக்கு இருவர் அல்லது மூவர் கூட்டாகக் கையெழுத்திடும் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். கணக்கு வெளிப்படையாக இருந்தால் ஒற்றுமை நிலைக்கும்.

பயணியாகச் செல்லும் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிராமத்து வீட்டில் தங்குங்கள். அங்கு விளைந்ததை உண்ணுங்கள். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள். ஊரார் மூடிய பாதையைத் திறக்கக் கேட்காதீர்கள். நீங்கள் புறப்பட்ட பின் அவ்வூரின் பேரேட்டில் வரவாக நிற்க வேண்டுமா, பற்றாக நிற்க வேண்டுமா என்பதில் உங்களுக்கும் பங்குண்டு.