தெளிப்பான் இஞ்சினுக்குப் பெட்ரோலும் எண்ணெயும் கலக்கும் முறை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மலையடிவாரத்தை ஒட்டியுள்ள மாந்தோப்புகள் மார்கழி, தை மாதங்களில் பூவெடுக்கின்றன. அதே சமயத்தில் தத்துப்பூச்சியும் வந்து சேர்ந்து பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. மருந்து தெளிப்பதற்குக் கிடைக்கும் நாட்கள் மிகச் சிலவே. அந்நாட்களில் முதுகில் சுமக்கும் விசைத் தெளிப்பான் நின்றுபோனால், பழுது பார்த்து வருவதற்குள் பூ கருகிவிடும். பஞ்சவர்ணமும் சப்பட்டையும் அவ்வாண்டுக்கு இல்லையென்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இவ்வாறு நிற்பதற்குப் பல சமயங்களில் காரணம் யந்திரத்தின் குறை அன்று. அதில் ஊற்றப்பட்ட கலவையின் குறையே. ஆகவே அங்கத்தினர்கள் இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக அறிந்துகொள்ளுதல் நலம்.

விசைத் தெளிப்பான், புதர் வெட்டும் கருவி, மரமறுக்கும் சங்கிலி வாள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக் எனப்படும் ஈரடி இஞ்சினால் ஓடுபவை. கார் அல்லது இறைவை இஞ்சினில் எண்ணெய் தேங்கி நிற்பதற்கென்று அடியில் ஓர் அறை உண்டு. ஈரடி இஞ்சினில் அது கிடையாது. பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்கு அறைக்குள் நுழைந்து, பிறகே மேலே சென்று எரிகின்றன. போகும் வழியில் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைப்பது பெட்ரோலில் கலந்து வந்த எண்ணெய்தான். எண்ணெய் கலவாத வெறும் பெட்ரோலை ஊற்றி இயக்கினால் சில நிமிஷங்களுக்குள் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். பட்டறைக்காரர் 'சீஸ் ஆகிவிட்டது' என்று சொல்வது இதைத்தான்.

எனவே முதலில் கையிலுள்ள இஞ்சின் எவ்வகை என்று பார்த்தல் வேண்டும். எண்ணெய் ஊற்றுவதற்குத் தனி மூடி இருந்தால் அது ஃபோர்-ஸ்ட்ரோக்; அதற்குக் கலவை கூடாது. தனி மூடி இல்லாவிட்டால் பெட்ரோல் டாங்கியின் மூடியிலோ கையேட்டிலோ 25:1, 40:1, 50:1 என்று ஏதேனுமொரு விகிதம் குறித்திருக்கும். ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பதே 50:1-இன் பொருள். கணக்கு எளிது. ஒரு லிட்டருக்குரிய 1,000 மில்லியை விகித எண்ணால் வகுத்தால் எண்ணெயின் அளவு கிடைக்கும். 25:1-க்கு 40 மில்லி. 30:1-க்கு 33 மில்லி. 40:1-க்கு 25 மில்லி. 50:1-க்கு 20 மில்லி.

இவ்வளவு எளிய கணக்கு ஏன் தவறுகிறது? பழக்கமே காரணம். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த நாள்முதல் நம் ஊர்களில் பெட்ரோல் பங்கில் ஒரு மூடி எண்ணெயை ஊற்றி வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுப் புறப்படுவது வழக்கமாயிற்று. அந்த வரிசையில் 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர்-ஸ்ட்ரோக்காக மாறிவிட்டது. ஆனால் மூடியால் அளக்கும் வழக்கம் மட்டும் தெளிப்பானுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. நெசவாளிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவுக்குச் சாயம் போடுகிறவர் சாயத்தைக் கண்மதிப்பில் அள்ளிப் போட்டால் அடுத்த பாவு அதே நிறத்தில் வருமா? நிறுத்துத்தான் போடுகிறார். இங்கும் அந்த ஒழுங்கே வேண்டும். ஊசியை நீக்கிய 20 மில்லி மருந்துக் குழல் ஒன்று போதும். ஆனால் பூச்சிமருந்து அளக்கும் குவளையை ஒருகாலும் இதற்கு எடுக்கலாகாது. இதை அதற்கும் கொடுக்கலாகாது.

'கொஞ்சம் கூடுதலாகப் போனால் என்ன, இஞ்சினுக்கு நல்லதுதானே' என்பாரும் உளர். அது சரியன்று. எண்ணெய் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது. எரியாத எண்ணெய் ஸ்பார்க் பிளக்கிலும் புகைப்போக்கியிலும் கரியாகப் படிந்து இஞ்சினின் மூச்சை அடைக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: இளம் பழுப்பு நிறம் இருந்தால் நலம், ஈரக் கறுப்பு எண்ணெய் மிகுதியைக் காட்டும், சுண்ணாம்பு வெளுப்பு அளவு மீறிய சூட்டைக் காட்டும்.

எண்ணெயைத் தெரிந்தெடுப்பதிலும் கவனம் தேவை. காற்றால் குளிரும் ஈரடி இஞ்சினுக்கென்றே விற்கப்படும் டூ-டி எண்ணெயே ஏற்றது. ஜாஸோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற முத்திரை உள்ளவை புகையும் கரியும் குறைந்தவை. இவற்றிற்குச் சாயம் சேர்ப்பதுண்டு. கலவையின் நிறத்தைக் கொண்டே எண்ணெய் கலந்ததா இல்லையா என்று அறியலாம். மோட்டார் சைக்கிளின் ஃபோர்-ஸ்ட்ரோக் எண்ணெயில் எரிந்தால் சாம்பல் விடும் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன, அது ஆகாது. மீன்பிடிப் படகுகளின் நீரால் குளிரும் இஞ்சினுக்குரிய டி.சி.-டபிள்யூ.3 எண்ணெயும் இதற்கு உரியதன்று. நம் நிலத்து ஆமணக்கெண்ணெயே ஒரு காலத்தில் இத்தொழிலைச் செய்தது என்பது வியப்பான செய்தி. முதல் உலகப் போரின் விமானங்கள் பல அதை ஊற்றியே பறந்தன. காஸ்ட்ரால் என்ற பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆயினும் அது பெட்ரோலில் எளிதில் கரையாது, பிசினாகப் படியும். இன்று அதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

இனிப் பெட்ரோலைப் பற்றிப் பேசுவோம். பழைய அனுபவம் இனி முழுதும் உதவாது என்பதற்கு இதுவே காரணம். 2022-இல் நாடு முழுவதும் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் கலக்கும் நிலை எய்தப்பட்டது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோலின் விற்பனை 2023-இல் தொடங்கியது. 2025-இல் அதுவே பொதுவாகிவிட்டது. கரும்பும் தானியமும் விளைவிப்போருக்கு இது நன்மையே. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் சிறு இஞ்சின்களின் கையேடுகள் பலவற்றில் எத்தனால் 10 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்று எழுதியிருக்கிறது. புதிதாக வாங்குவோர் 20 விழுக்காட்டுக்கு ஏற்றதா என்று விற்பனையாளரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். பாதி டாங்கிப் பெட்ரோல் மழைக்காலம் முழுதும் கிடந்தால் நீர் சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவைக் கடந்ததும் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். எண்ணெயோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். இஞ்சின் உறிஞ்சுவது அடியிலிருந்து அல்லவா? ஆகவே சரியாக அளந்து கலந்தவரின் இஞ்சினும் எண்ணெயில்லாமல் ஓடிப் பிடித்துக்கொள்கிறது. அன்றியும், எத்தனால் கார்புரேட்டரின் மெல்லிய ரப்பர்ச் சவ்வையும் பழைய குழாய்களையும் ஊதச்செய்து கெடுக்கும்.

எத்தனால் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழலில் 10 மில்லி நீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி, பத்து நிமிஷம் நிறுத்துக. எத்தனால் நீரோடு சேர்ந்து கீழே இறங்கும். அடிப்படலம் 10-லிருந்து ஏறத்தாழ 28 மில்லிக்கு உயர்ந்தால் அது 20 விழுக்காட்டுப் பெட்ரோல். சோதித்ததை டாங்கியில் ஊற்றக் கூடாது. பட்டறையில் பாகங்களைக் கழுவ உதவும், வாய்க்காலில் கொட்டற்க.

அதிக விலைப் பெட்ரோல் வாங்கினால் விசை கூடும் என்பது வெறும் எண்ணம். ஆக்டேன் எண் எரிபொருள் அகாலத்தில் வெடியாமல் தாங்கும் திறத்தையே குறிக்கும். கையேடு கேட்டாலன்றி அச்செலவு வேண்டாம். மண்ணெண்ணெய் கலப்பது இதற்கு நேர்மாறான கெடுதல். அது வெடித்தட்டலையும் கரியையும் தரும்.

கலக்கும்போது இஞ்சின் டாங்கியில் கலக்காமல் தனிக் கலனில் கலக்க வேண்டும். முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு எண்ணெய் முழுதும், மூடிக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மீண்டும் குலுக்கல். அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் கலப்பதே உத்தமம். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வைக்கலாகாது. தண்ணீர் விற்கும் பிளாஸ்டிக் புட்டி கூடவே கூடாது. குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும் அபாயம் இருக்கிறது. 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டம் விற்பனைக்கல்லாத 30 லிட்டர் வரை உரிமமின்றி வைக்க அனுமதிக்கிறது. ஆனால் இறுக மூடிய கலனாக இருக்க வேண்டும். கண்ணாடியாயின் ஒரு லிட்டருக்கும் உலோகமாயின் 25 லிட்டருக்கும் மேற்படக் கூடாது. சத்திரப்பட்டி முதலிய ஊர்களில் கட்டுத்துணி நெய்யும் வீடுகளில் பஞ்சுத் தூசி எங்கும் பறப்பதால், தறிக்கூடத்தின் பக்கம் இக்கலனைக் கொண்டுபோகவே கூடாது. தோப்பில் மறுமுறை ஊற்றுமுன் தெளிப்பானை முதுகிலிருந்து இறக்கி, பத்து நிமிஷம் ஆறவிடுக. பீடி பற்றவைத்தவர் அருகே நிற்றலாகாது. மாசி, பங்குனியில் காய்ந்த சருகு நிறைந்த மலையடிவாரத்தில் இது இன்னும் முக்கியம்.

சங்கத்தின் வாடகைத் தெளிப்பானைப் பலர் மாற்றி மாற்றி எடுத்துச் செல்லும் இடத்தில்தான் தொல்லை அதிகம். ஒருவர் 25:1 கலப்பார். அடுத்தவர் 50:1 கலப்பார். மூன்றாமவர் மீதியிருந்த கலனைப் பெட்ரோல் என்று எண்ணி மேலும் எண்ணெய் விடுவார். பிஸ்டன் போனால் யாரிடம் கேட்பது? செலவு எல்லோருடைய பங்குத் தொகையிலும் விழும். ஆகவே தெளிப்பானோடு கலவைக் கலனையும் அளவுக் குழலையும் சேர்த்தே கொடுத்து வாங்குவது முறை. கலனின் மேல் விகிதமும் கலந்த தேதியும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். சீட்டில்லாத கலவையை ஊகத்தால் ஊற்றாமல் ஒதுக்கிவிடுக. திரும்பி வரும்போது டாங்கி காலியாக இருக்கிறதா என்று பொறுப்பாளர் பார்த்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளட்டும்.

தெளிப்புக் காலம் முடிந்ததும் டாங்கியை வடித்துவிட்டு இஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரில் தங்கியதும் தீர்ந்துவிடும். பிளக்கைக் கழற்றி அரைத் தேக்கரண்டி டூ-டி எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு தடவை மெல்ல இழுத்து, பிளக்கை மறுபடி பூட்டி, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கார்த்திகைக் கடைசியில், பூவெடுக்குமுன், ஒரு நாள் புதுக் கலவை ஊற்றி இயக்கிப் பார்த்துக்கொள்க. சவ்வு மாற்ற வேண்டியிருந்தால் அப்பொழுது நாள் இருக்கும்.